நாணயம்

கந்தவனத்தார் நானூறு மார்க்கைத்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
"பொடியன் பேர் சுகிர்தன்.
குடி, சூது, வெள்ளைக்காரப் பெட்டை.
இந்த மூண்டில ஏதும் இருக்கோ எண்டு
மட்டும் பாருங்கோ தம்பி."
கொப்பியில் மூன்று கட்டம் கீறினேன்.
அடிமட்டம் இல்லை. கோடெல்லாம் கோணல்.

பகலில் எனக்கு எல்பர்ஃபெல்டில் உத்தியோகம்,
நாலு மாடிக் கடையில் களவு பிடிப்பது.
வாசனைப் போத்தலைக் கைக்குள் விடுகிறவர்களைக்
கழுத்தை வைத்தே கண்டுபிடிப்பேன்.
எடுக்கப்போகிற ஆள் பொருளைப் பார்ப்பதில்லை,
பார்க்கிறவர்களைப் பார்க்கும்.
இதை எனக்கு ஒருவரும் பழக்கவில்லை.
பதினாறு வயதிலிருந்து
எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான் பார்க்கிறேன்.
எங்கள் மொழியில் திருட்டும் களவு,
ஊரறியாக் காதலும் களவு.
எனக்கு இரண்டுக்கும் ஒரே சப்பாத்து.

வுப்பர் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
தண்டவாளம் தலைக்கு மேல், காலுக்குக் கீழே கறுத்த தண்ணீர்.
பின்தொடர இதைவிட நல்ல வாகனம் கிடையாது:
இரவில் யன்னலெல்லாம் முகம்பார்க்கும் கண்ணாடி.
சுகிர்தன் பார்மனில், கிரேக்கன் கடையில் கோப்பை கழுவுகிறான்.
பதினொன்று நாற்பதுக்கு ஏறுவான்,
விரல்நுனி ஊறி வெளுத்திருக்கும்.
மூன்று இரவு நேரே வீட்டுக்குப் போனான்.
நாலாம் இரவு ஒரு தரிப்பு முன்னதாக இறங்கினான்.

மழை.
தச்சுப் பட்டறைக்குப் பின்னால் பச்சைக் கதவு.
பெயர்ப்பலகை இல்லை. மணி இல்லை.
ஐந்து மார்க் நாணயத்தால் மூன்று தட்டு,
ஒரு மூச்சு விடுகிற நேரம்,
பிறகு ஒன்று.
எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
உள்ளே மேலங்கி வாங்கிவைக்கிற மன்ஃப்ரேட்
நான் என்ன குடிப்பேன் என்று கேட்பதில்லை.
நாலு வருடத்துக்கு முன் ஊவே என்னிடம்
தீப்பெட்டி கேட்டதும் அங்கேதான்.

எதிர்ப்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே நின்றேன்.
தெருவைக் கடந்தால் வாடிக்கைக்காரன்.
கடக்காவிட்டால் துப்பறிவாளன்.
இரண்டரைக்குக் கதவு திறந்தது.
சுகிர்தன், அவனோடு மூக்குக்கண்ணாடி போட்ட நெட்டையன்.
நெட்டையன் குனிந்தான்.
சுகிர்தன் அவன் கழுத்துத் துண்டை இழுத்து முடிச்சிட்டு,
கடைசியில் ஒரு தட்டும் தட்டினான்,
பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல.
அவ்வளவுதான்.
கமெரா ஒருதரம் இமைத்தது.

குளியலறைக் கொடியில் ஈரம் சொட்டிய படத்தைப் பார்த்து
"இந்த ஆள் என்ன குற்றம் செய்தான்?" என்றான் ஊவே.
"வேலை" என்றேன்.
அது பதிலில்லை என்று அவனுக்குத் தெரியும்.
பல்லைத் தீட்டிவிட்டுப் படுக்கப் போனான்.

அடுத்த இரவு ரயிலில் சுகிர்தனுக்கு எதிரே இருந்தேன்.
படத்தையும் நெகட்டிவையும் அவன் மடியில் வைத்தேன்.
"அண்ணை ஆர்?"
தொண்டை காய்ந்து வந்தது தமிழ்.
பையிலிருந்து ஐந்து மார்க்கை எடுத்து
யன்னலில் மூன்று தட்டு. மூச்சு. ஒன்று.
அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு வராது.

"திங்கட்கிழமைக்குள்ள நீயே வேண்டாமெண்டு சொல்லு.
தர்மினி விடிய நாலு மணிக்கு எழும்பிப்
பேக்கரிக்குப் போற பிள்ளை. அவளுக்கு இது அநியாயம்."
"தங்கச்சி ஏழு மாசமாக் கொழும்பில லொட்ஜில நிக்கிறாள்.
சீதனக் காசிலதான் ஏஜென்சிக்காரனுக்கு..."
வசனத்தை அவன் முடிக்கவில்லை.
ஃபோவிங்கல். கடைசித் தரிப்பு.
அதற்கப்பால் பாதை இல்லை,
ரயில் வளைந்து வந்த வழியே திரும்பும்.
இரண்டு பேரும் இறங்க மறந்தோம்.

திங்களன்று நானூறையும் எண்ணி வைத்தேன்.
"துப்பொண்டும் கிடைக்கேல்லை, ஐயா."
"துப்புக்கெட்டவன்" என்றார்,
கதவு முழுதாய் மூட முன்னமே.
அடுத்த கிழமை ஹாம் வரைக்கும் அந்தச் சொல் போய்விட்டது.
மாப்பிள்ளை விசாரிக்க ஒருவரும் வருவதில்லை இப்போது.
தர்மினியின் பேக்கரியில்
நானும் பாண் வாங்குவதில்லை.

பங்குனியில் கலியாணக் காட் வந்தது.
பகையாளிக்கும் காட் அனுப்புவது எங்கள் வழக்கம்.
மூலையில் மஞ்சள். முதுகில் கந்தவனத்தாரின் விலாசம்.
மாப்பிள்ளை பெயர் உள்ளே இருக்கும்.
மேசையில் கிடந்தது, ஒன்பது நாள்.
பிறகு ஊவே அதை நாலாய் மடித்து
அடித்துக்கொள்ளும் யன்னல் இடுக்கில் செருகினான்.

பத்து நிமிடத்துக்கொரு ரயில்.
கண்ணாடி இப்போது அதிர்வதில்லை.
சுவர்தான், கொஞ்சம்.